வித்தியாசம் தெரியுதா?

படம் பார்க்கிறவர்கள் ஒரு ரகம். படம் எப்படித் தெரிகிறது என்று பார்க்கிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவர்கள் சிரிப்பார்கள், அழுவார்கள், பாதியில் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பார்கள், மறுநாள் மறந்தும்போவார்கள். இரண்டாவது ரகம் அப்படியில்லை. அது சிரிக்காது, அழாது, மறக்கவும் மறக்காது. கூடத்தின் நடுவில் ரிமோட்டைக் கையில் பிடித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உங்கள் தெருவில் ஒன்று கட்டாயம் உண்டு. உங்கள் வீட்டிலேயே இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

நமக்குத் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் மாடியில் குடியிருக்கிறார். கடைவீதி முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் 'வித்தியாசம்'. "வித்தியாசம் லிஃப்டுக்கு வர்றாரு, வா, படியிலயே போயிடலாம்" என்று இரண்டாம் மாடிக்காரர் தன் மனைவியிடம் சொல்வதை அவரே ஒருமுறை கேட்டிருக்கிறார். கோபப்படவில்லை. தன் அருமை தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பட்டப்பெயருக்குக் காரணம் இல்லாமலில்லை. காலை பத்து மணிக்குக் கடையைத் திறந்ததிலிருந்து, இருட்டறையில் வாடிக்கையாளரை உட்காரவைத்து, மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, அதில் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா இருக்கா? இப்ப இது? வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்பது அவர் பிழைப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு படத்தட்டை எடுத்துவிட்டு இன்னொரு தட்டைப் போட்டு அதையே கேட்பது அவர் வாழ்க்கை. கடையில் கேட்டால் காசு கொடுக்கிறார்கள். வீட்டில் கேட்டால் எழுந்துபோகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவரிடம் நூற்றுக்கணக்கில் படங்கள் இருந்தாலும், உயிர் என்னவோ ஒரே ஒரு படத்தில்தான். நாற்பத்துமூன்று வருஷத்துக்கு முன் வந்த பழைய வண்ணப் படம். ஒரு தையல்காரன், அவன் மனைவி, இருவரும் சேர்ந்து நடத்தும் சின்னத் தையல் கடை, நடுவில் ஒரு மனத்தாங்கல், மழையில் அவள் வீட்டைவிட்டுப் போய்விடுவது என்று போகும் கதை. இந்தப் படம் அவரிடம் ஏழு பதிப்பு இருக்கிறது. முதலாவது விசிடி, இரண்டு தட்டு. மழை பெய்தால் அதில் கட்டம் கட்டமாகப் பெய்யும். இரண்டாவது டிவிடி, மேலேயும் கீழேயும் வெட்டி எடுத்ததில் உயரமான நடிகர்களுக்கு நெற்றியே கிடையாது. மூன்றாவதும் டிவிடிதான், நெற்றியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் எல்லார் முகத்திலும் பாசி படிந்தாற்போல ஒரு பச்சை. நான்காவது ப்ளூ-ரே, பிலிமில் இயல்பாக இருக்கும் பொடிமணல் போன்ற துகளைத் துடைக்கிறேன் பேர்வழி என்று முகத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டதால் கதாநாயகி மெழுகு பொம்மை. ஐந்தாவதில் துகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், உதட்டசைவும் ஒலியும் ஒரு இம்மி விலகிப்போயிற்று. ஆறாவது, ஐந்தாவதின் பிழை திருத்தம். ஏழாவது ஃபோர்கே என்கிற ஆகத் துல்லியமான ரகம், தகரப் பெட்டி, உள்ளே நாற்பது பக்கப் புத்தகம்.

எட்டாவது வருமா? வராமல் எப்படி?

இந்தப் படத்தில் அவருக்குப் பதினொரு நிமிஷம் தலைகீழ்ப் பாடம். கருமை எவ்வளவு ஆழம் என்று பார்க்க, இருட்டறையில் விளக்கேற்றும் காட்சி. வெண்மை வழிகிறதா என்று பார்க்க, கொடியில் துணி காயும் காட்சி. சிவப்பு எல்லை மீறுகிறதா என்று பார்க்க, கடையில் சிவப்புத் துணிக்கட்டு உருண்டு விரியும் காட்சி. துகளுக்கு மழை. இந்தப் பதினொரு நிமிஷத்தைப் பற்றி அவர் எழுதியதை அடுக்கினால் முழங்கால் உயரம் வரும். மீதி இரண்டு மணி நேரத்தை அவர் பார்த்ததில்லை. பார்க்கத் தொடங்காமலில்லை, எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை தொடங்கியிருக்கிறார். நாலாவது நிமிஷம் சுவர் ஓரத்தில் ஏதோ நெளிவதுபோலத் தோன்றும். நிறுத்துவார். ஆறாவது பதிப்பில் அது நெளிகிறதா என்று பார்ப்பார். ஐந்தாவதில் பார்ப்பார். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

அவரையும் சேர்த்து அவரைப்போலப் பதினெட்டு பேர் கைபேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். குழுவில் அவர் வார்த்தைக்கு அப்பீல் கிடையாது. "மூன்றாம் பதிப்பில் இருப்பது பச்சை அல்ல, மஞ்சள் குறைவு" என்று அவர் ஒருமுறை தீர்ப்பு எழுதியபோது இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறி, நாலு நாளில் திரும்பி வந்தார்கள்.

மனைவி தபால் பிரிக்கும் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். நாளெல்லாம் ஆயிரக்கணக்கான உறைகளைப் பார்த்தும் உள்ளே என்ன எழுதியிருக்கும் என்று அறியமுடியாத வேலை. அதனால் கணவரின் போக்கு அவளுக்கு ஓரளவு புரிந்தது. தரையில் கறுப்பு டேப் ஒட்டி, நாற்காலியின் கால்கள் அதன்மேல்தான் இருக்கவேண்டும் என்றபோது சரி என்றாள். கூடத்துச் சுவர்களுக்குச் சாம்பல் வண்ணம் அடிக்கவேண்டும், மற்ற நிறம் எல்லாம் கண்ணை ஏமாற்றும் என்றபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள். ஒரே ஒரு சுவரை மட்டும் விடாப்பிடியாக வெள்ளையாக வைத்துக்கொண்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குத்தான் மாமனார் வந்து சேர்ந்தார்.

முப்பத்தைந்து வருஷம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து இரண்டு வருஷமாயிற்று. இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்து, வலது கண்ணுக்கு மட்டும் அறுவை முடிந்திருந்தது. இடது கண்ணுக்கு ஐந்து வாரம் கழித்து நாள் குறித்திருந்தார்கள். அதுவரை மகள் வீட்டில் இருக்கட்டும் என்று ஏற்பாடு.

வந்த மறுநாள் காலை, கையில் காபியோடு அந்த ஒற்றை வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கண்ணை மூடினார். திறந்தார். மற்றதை மூடினார்.

"என்னப்பா பாக்குற?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்லம்மா. புதுக் கண்ணால பாத்தா செவுரு நல்ல வெள்ளையா இருக்கு, கொஞ்சம் நீலம்கூட அடிக்குது. பழைய கண்ணால பாத்தா தேத்தண்ணி கொட்டின மாதிரி இருக்கு. இத்தனை வருஷமா தேத்தண்ணியைத்தான் வெள்ளைன்னு நெனச்சுட்டிருந்தேன் போலிருக்கு."

சமையலறை வாசலில் நின்றிருந்த நம்மவர் கையிலிருந்த தம்ளரை மேசைமேல் வைத்தார். மற்ற மனிதர்களாக இருந்தால் மாமனாருக்குப் பார்வை திரும்பியதே என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவரும் சந்தோஷப்பட்டார். ஆனால் எதற்கு? பதினெட்டு பேர் குழுவில் எவனிடமும் இல்லாத ஒன்று அவர் வீட்டுக் கூடத்தில், வேட்டி கட்டிக்கொண்டு, காபி குடித்துக்கொண்டிருக்கிறது. ஒரே மண்டையில் இரண்டு பதிப்பு. வலது கண் ஏழாவது, இடது கண் மூன்றாவது. தட்டை மாற்றவே வேண்டாம், இமையை மாற்றினால் போதும்.

"மாமா," என்றார், கடையில் பணக்கார வாடிக்கையாளரிடம் பேசும் குரலில், "இன்னிக்கு சாயங்காலம் படம் ஏதாவது பாக்குறீங்களா?"

பெரியவர் முகம் மலர்ந்தது. "நானே கேக்கணும்னு இருந்தேன் மாப்பிள்ளை. அந்தத் தையக்காரன் படம் உங்ககிட்ட இருக்குன்னு பாப்பா சொன்னா."

இருக்கிறதா என்றா கேட்டார்?

அந்தப் படத்துக்கும் பெரியவருக்கும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. நாற்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால், நிறைமாதமாக இருந்த மனைவியை மதியக் காட்சிக்கு அழைத்துப் போனார். மழையில் கதாநாயகி வீட்டைவிட்டுப் போனாளோ இல்லையோ, இங்கே இவளுக்கு வலி கண்டுவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர்கள் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவர, நேராக ஆஸ்பத்திரி. அன்றைக்குப் பிறந்தவள்தான் நம்மவரின் மனைவி. போனவள் திரும்பி வந்தாளா இல்லையா என்பது தெரியாமலே போயிற்று.

"வந்திருப்பா" என்றார் அவர். "வந்திருக்கவே மாட்டா" என்றாள் மனைவி. அன்று தொடங்கிய வாக்குவாதம். அவர் சட்டைப் பொத்தானைத் தொலைத்துவிட்டு வந்தால், "இதுக்குத்தான் அவ திரும்பி வந்திருக்க மாட்டான்றேன்" என்பாள். அவளுக்குக் காய்ச்சல் வந்து இவர் கஞ்சி வைத்துக் கொடுத்தால், "இதுக்குத்தான் வந்திருப்பான்றேன்" என்பார் இவர். டிவியில் இரண்டு தரம் அந்தப் படம் போட்டார்கள். இரண்டு தரமும் அவள்தான் எழுந்துபோய் அணைத்தாள். தெரிந்துபோனால் அப்புறம் எதைப் பற்றிச் சண்டை போடுவது என்று கேட்டாளாம். இப்போது சண்டை போட ஆளில்லை. கண்ணும் கொஞ்சம் தெரிகிறது. பார்த்துவிடலாம் என்று வந்திருந்தார்.

"முடிவு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் மாப்பிள்ளை. ஏழு வாங்கி வச்சிருக்கீங்க. ஆனா சொல்லிடாதீங்க."

"சேச்சே, சொல்லவே மாட்டேன் மாமா" என்றார் நம்மவர் கம்பீரமாக. அந்த வாக்கைக் காப்பாற்றுவதில் அவருக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

சாயங்காலம் திரைச்சீலைகளை இழுத்து மூடினார். டிவியின் சிவப்புப் பொட்டு விளக்கில் கறுப்புத் துண்டு ஒட்டினார். மாமனாரை டேப்பின்மேல் உட்காரவைத்தார். படம் தொடங்கியது. தையல்காரன் கடையைத் திறந்து, பலகையை எடுத்துவைத்து, ஒரு வார்த்தை பேச வாயைத் திறந்தான். நிறுத்தினார்.

"மாமா, இடது கண்ணை மூடுங்க. அவன் சட்டை என்ன நிறம்?"

"வெள்ளை."

"வலதை மூடுங்க. இப்ப?"

"இப்பவும் வெள்ளைதான், கொஞ்சம் அழுக்கு வெள்ளை."

"எவ்வளவு அழுக்கு? சோப்பு போடாத அழுக்கா, வெயில்ல பழுத்த மாதிரியா?"

பெரியவர் யோசித்தார். "ரெண்டு நாள் போட்ட சட்டை மாதிரி" என்றார். அது குறிப்பேட்டில் ஏறியது. பிறகு ஆறாவது தட்டு, அதே சட்டை. ஐந்தாவது; அதே சட்டை. முதல் நாள் இரண்டு மணி நேரத்தில் தையல்காரன் கடையைத் திறந்து முடிக்கவில்லை.

ஒரு வாரம் போயிற்று. பத்து நாள் போயிற்று. பெரியவர் பேருந்து ஓட்டியவர், பொறுமைசாலி. சிவப்பு விளக்கு விழுந்தால் பச்சை விழும்வரை நிற்கத் தெரிந்தவர். ஆனால் பச்சையே விழாத சாலையை அவர் பார்த்ததில்லை. "மாப்பிள்ளை, கொஞ்சம் ஓடவிட்டுப் பாப்போமா?" என்று தினம் ஒருதரம் கேட்பார். "இதோ மாமா, இந்த ஒண்ணு மட்டும்" என்பார் இவர். எந்த ஒன்று மட்டும்? குறிப்பேட்டில் பக்கங்கள் நாற்பதைத் தாண்டின. குழுவில் அவர் லேசாகக் கோடிகாட்டியிருந்தார்: இதுவரை எவரும் செய்யாத ஒப்பீடு, ஒரே பார்வையாளர், இரண்டு கண், ஏழு பதிப்பு. பதினேழு பேரும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்கள். 'மெழுகு எதிரி' என்ற பெயரில் எழுதும் பல் மருத்துவர் ஒருவர், "அந்தப் பெரியவரை ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு அனுப்ப முடியுமா" என்றுகூடக் கேட்டார்.

நாலாவது வாரம், அவர் கடையில் இருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. அடுத்த புதன்கிழமை இடது கண்ணுக்கு அறுவை, முந்தின நாள் அழைத்துவாருங்கள் என்றார்கள். அவர் மனத்தில் ஓடியது இதுதான்: ஐந்து பதிப்பு முடிந்திருக்கிறது, இரண்டு பாக்கி. புதன்கிழமைக்குப் பிறகு இரண்டு கண்ணும் ஒன்று. அந்தத் தேநீர் நிறக் கண் உலகத்தில் எங்கே கிடைக்கும்?

"ஒரு மாசம் தள்ளிப் போட முடியுமா? வீட்டுல கொஞ்சம் வேலை இருக்கு" என்றார்.

"தள்ளலாம், தப்பில்ல. ஆனா அதுவரைக்கும் ரெண்டு கண்ணுக்கும் பார்வை ஏற்றத்தாழ்வா இருக்கும். படி இறங்கறப்ப பாத்துக்கச் சொல்லுங்க."

"தெரியும்மா, நானே கண்ணாடிக் கடைக்காரன்தான்" என்றார். தெரியாமலா? ஒரு கண் அறுவை முடிந்து கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் அதைத்தான் சொல்லி அனுப்புவார். ஆழம் தெரியாது, படி இருக்கிற இடத்தில் இல்லாத மாதிரி தோன்றும், கைப்பிடியை விடாதீர்கள் என்று விரலை ஆட்டி எச்சரிப்பார். தன் மாமனாருக்குச் சொல்ல மட்டும் நேரமில்லாமல் போயிற்று. சிவப்புத் துணிக்கட்டில் முனைப்பாக இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை லிஃப்ட் ஓடவில்லை. பெரியவர் படியில் இறங்கினார். முதல் மாடித் திருப்பத்தில் கடைசிப் படி முடிந்துவிட்டது என்று காலை வைத்தார், அது முடியவில்லை. இரண்டாம் மாடிக்காரர்தான் தூக்கி உட்காரவைத்து, முழங்காலில் வழிந்த ரத்தத்தைத் துடைத்து, மேலே கொண்டுவந்து விட்டார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை.

செய்தி கேட்டு நம்மவர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லக்கூடாது, நிஜமாகவே பதறித்தான் போனார். கட்டிலருகே மண்டியிட்டு, மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"மாமா, கண்ணுல அடி படலையே?"

"இல்ல மாப்பிள்ளை."

"இடது கண்ணுல?"

மனைவி எழுந்தாள். புதன்கிழமைக்கு விடுப்பு எழுதிக்கொடுக்க நேரம் கேட்கலாம் என்று கூடத்துக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மறுமுனையில் இருந்த பெண், "அதான் உங்க வீட்டுக்காரரு அடுத்த மாசம் போதும்னு சொல்லிட்டாரே" என்றாள்.

அவள் திரும்பி வந்து கதவருகே நின்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவர் சமாளித்திருப்பார்.

"எங்கப்பா கண்ணு எதுக்குங்க உங்களுக்கு?"

"அது வந்து... ரெண்டு பதிப்பு பாக்கி..."

"மழை சீன் எத்தனை தடவை பாத்திருக்கீங்க?"

"கணக்கு வைக்கல."

"சரி. அவ திரும்பி வர்றாளா?"

"யாரு?"

"அந்தப் படத்துல போனவ."

"மாமா சொல்ல வேணாம்னிருக்காரு" என்றார்.

"எங்கிட்ட காதுல சொல்லுங்க."

அவர் அவள் காதருகே வரவில்லை. அலமாரியைப் பார்த்தார். ஏழு பெட்டியும் உயரவாரியாக நின்றன. அவர் முகத்தைப் பார்த்து அவளுக்குப் புரிந்துபோயிற்று. பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இதுகூடத் தெரியாதா?

"உங்களுக்குத் தெரியாது" என்றாள். "ஏழு வாங்கினீங்க. தெரியாது."

கட்டிலில் இருந்த பெரியவர் குறுக்கே வந்தார். "விடும்மா. மாப்பிள்ளை ஆராய்ச்சி பண்றாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே ஒரு மாசம் தள்ளிக்கலாம்னு சொல்லியிருப்பேன்." அவர் ஒரு துளி கிண்டலும் இல்லாமல் சொன்னார். அதனால்தான் அது உறைத்தது. நம்மவர் அன்று இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை.

மனைவி ஆஸ்பத்திரிக்கு மறுபடி பேசிப் பழைய புதன்கிழமையையே வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்ததும் ரிமோட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திரைச்சீலையைத் திறந்துவிட்டாள். வெயில் உள்ளே வந்து டேப்பின்மேல் விழுந்தது. அப்பாவின் நாற்காலியை அவருக்கு வசதியான இடத்துக்கு, அதாவது காலை நீட்ட ஒரு ஸ்டூல் போடுகிற இடத்துக்கு, நகர்த்தினாள். அலமாரிக்குள் கையை விட்டு, கைக்கு வந்த தட்டை எடுத்தாள்.

"அது மூணாவது" என்றார் கணவர், தாங்கமாட்டாமல். "அதுல எல்லாம் பச்சையா இருக்கும்."

"இருக்கட்டும்."

"ஏழாவது பக்கத்துலயே—"

"நீங்க பாக்கலாம். பேசக்கூடாது."

படம் ஓடியது. நிற்காமல் ஓடியது. நம்மவருக்கு அது புது அனுபவம். ஓடும் வண்டியில் கைப்பிடி இல்லாமல் நிற்கிறவரைப்போல உட்கார்ந்திருந்தார். தையல்காரன் பேசினான். அவன் குரல் இப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. துணிக்கட்டு உருண்டபோது எதற்கு உருண்டது என்பதும் தெரிந்தது. அவள்தான் கோபத்தில் தள்ளிவிட்டிருந்தாள். நாலு வருஷம் உழைத்து அவள் வாங்கிய தையல் இயந்திரத்தின்மேல் கணவன் கடன் வாங்கியிருந்தான், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். மழை வந்தது. அவள் போனாள்.

"இங்கதான் உங்கம்மா கையைப் பிடிச்சா" என்றார் பெரியவர். மகள் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

அப்புறம் நாற்பத்துமூன்று வருஷத்துக்கு முன் பெரியவரும் அவர் மனைவியும் பார்க்காமல் விட்ட பத்து நிமிஷம். ஒரு காலைப் பொழுது. கடை வாசலில் மாட்டு வண்டி ஒன்று வந்து நிற்கிறது. அவள் இறங்குகிறாள். தையல்காரன் எழுந்து நிற்கிறான். அவள் மாலையும் கண்ணீருமாக ஓடிவரவில்லை. "மெஷினை எடுத்துட்டுப் போக வந்தேன்" என்கிறாள். அவன் மெஷின்மேல் மூடியிருந்த துணியை விலக்குகிறான். கடனை அடைத்து மீட்டு, எண்ணெய் போட்டு, புது வார் மாட்டித் துடைத்து வைத்திருக்கிறான். இருவருமாகத் தூக்கி வண்டியில் ஏற்றுகிறார்கள். வண்டி போகிறது. அவள் திரும்பிப் பார்க்கிறாள். முடிந்தது.

பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. புதுக் கண்ணிலும் பழைய கண்ணிலும் ஒரேபோலத் தண்ணீர்.

"வந்துட்டாடி பாப்பா. ஆனா வரல. நானும் ஜெயிச்சேன், உங்கம்மாவும் ஜெயிச்சுட்டா. இதுக்கா ஆயுசு பூரா அடிச்சுக்கிட்டோம்?"

மகள் அப்பாவின் வீங்கிய மணிக்கட்டை மெல்லத் தடவியபடி தானும் சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள். அந்த அறையில் அப்போது யார் வாயைத் திறந்தாலும் ஏதாவது நல்லதாகத்தான் சொல்லத் தோன்றியிருக்கும்.

"கடைசி ஷாட்ல பாத்தீங்களா மாமா," என்றார் நம்மவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "வலது ஓரத்துல பச்சை இன்னும் ஜாஸ்தி ஏறுது."

"அப்படியா மாப்பிள்ளை" என்றார் பெரியவர், பின்னால் ஒலியெழுப்பும் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்குகிற குரலில்.

புதன்கிழமை அறுவை நல்லபடியாக முடிந்தது. வியாழக்கிழமை கட்டைப் பிரித்தபோது மூவரும் இருந்தார்கள். பெரியவர் ஜன்னலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், விரலை நீட்டி எண்ணிப் பார்த்தார். நம்மவர் முன்னால் குனிந்தார். கேட்டே விட்டார்.

"வித்தியாசம் தெரியுதா மாமா?"

பெரியவர் இடதை மூடினார், வலதை மூடினார், இரண்டையும் திறந்தார். "ஒரு வித்தியாசமும் இல்ல மாப்பிள்ளை" என்றார் பூரிப்போடு. அறுவை வெற்றி என்று கேட்டு முகம் வாடிய உறவினரைக் கட்டைப் பிரித்த நர்ஸ் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாளாம்.

இத்தோடு மனுஷன் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? திருந்தினார். அதாவது, அவரிடம் ஒரு மாற்றம் ஏற்பட்டது. கடைசிக் காட்சி அவரை விடவில்லை. அதை அடுத்த நாளே போட்டுப் பார்த்தார். அதற்கடுத்த நாளும் பார்த்தார். தையல் இயந்திரத்தின் கறுப்பு உடம்பும் அதன்மேல் ஓடும் பொன் கோடும் கருமைக்கும் பளபளப்புக்கும் எப்பேர்ப்பட்ட சோதனை என்று இத்தனை வருஷம் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். பதினொரு நிமிஷம் இப்போது பதினான்கு நிமிஷமாகிவிட்டது.

மூன்று வாரத்தில் ஒப்பீடு வெளியானது. ஐந்து பதிப்புக்கு இரு கண், இரண்டு பதிப்புக்கு ஒரே கண் என்று நேர்மையாக அடிக்குறிப்பும் போட்டிருந்தார். பதினாறு பேர் கைதட்டினார்கள். பதினேழாவது ஆள், குழுவுக்குப் புதியவர், யாரோ பள்ளிக்கூட வாத்தியார், வந்த இடத்தின் மரியாதை தெரியாமல் ஒன்று கேட்டார்: "ஐயா, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. வண்டி போறப்ப அவ ஏன் திரும்பிப் பாக்குறா?"

நம்மவர் நெடுநேரம் யோசித்தார். குறிப்பேட்டைப் புரட்டினார். பிறகு பதில் எழுதினார்:

"எந்தப் பதிப்பில்?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தாராளமாக. நமக்கென்ன, நாம் தட்டு சேர்க்கிறவர்களா, டேப் ஒட்டுகிறவர்களா? நண்பர் மெனக்கெட்டு எழுதிய கடிதத்தில் தேதி தப்பாக இருந்ததைத்தானே முதலில் சொன்னோம்? பாட்டுக் கச்சேரியில் ஒலிபெருக்கி இரைந்ததைத்தானே வீடுவரை பேசிக்கொண்டு வந்தோம்? அது வேறு, இது வேறு. ஆனாலும் ஒன்று. இதைப் படித்துவரும்போது எங்கேயோ ஒரு ஒற்று விடுபட்டிருப்பது உங்கள் கண்ணில் பட்டிருக்கும்; நாக்கைச் சப்புக்கொட்டி, பென்சிலைத் தேடி, அந்த இடத்தில் சின்னதாக ஒரு கோடும் போட்டிருப்பீர்கள். ரொம்ப நன்றி, திருத்திக்கொள்கிறேன். போகிற போக்கில் இதையும் சொல்லிவிட்டுப் போங்களேன்: கதை எப்படி இருந்தது?

யோசிக்கிறீர்கள், பார்த்தீர்களா.